அந்த ஊரில் கேட்காத கேள்வி

போதும். இருபது வருடமாக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். நீ உயிரோடு இருந்தவரை, கூடப் படித்தவன், விட்டுத்தள்ளு என்று இருந்தேன். நீ போன பிறகு, இல்லாதவனோடு என்ன சண்டை என்று இருந்தேன். நேற்று உன் மனைவி அந்த மஞ்சள் பையை என் கையில் கொடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் அப்படியே ஓட்டியிருப்பேன்.

"பீரோவ ஒழிச்சன் ண்ணா. எல்லாம் உங்க கையெழுத்து. நீங்களே வெச்சிக்கினா நல்லா இருக்கும்" என்றாள்.

பையைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே நான் தார் எஸ் சலாமிலிருந்து உனக்கு எழுதிய கடிதங்கள். நீல நிற ஏர்மெயில் தாள்கள். தேதிவாரியாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டிருந்தாய். தொட்டதும் ரப்பர் பொடிந்து உதிர்ந்தது. ஒன்றைக்கூட நீ தொலைக்கவில்லை. அதில் ஒரு கடிதம் உனக்கு வந்து சேரவே இல்லை என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் அந்தக் கட்டுக்குள் இருந்தது.

உனக்கு நினைவு மலர் போடுகிறார்கள். அதோடு உன் புத்தகத்தையும் மறுபடி அச்சடிக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒரு நினைவு மடல் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எழுதுகிறேன். நினைத்துப் பார்க்கச் சொன்னால் எல்லாவற்றையும்தான் நினைத்துப் பார்ப்பேன். பாதியை மட்டும் நினைக்கும் வித்தை உனக்குத்தான் தெரியும்.

நீ தளவானூர், நான் தொண்டூர். திண்டிவனத்தில் கல்லூரியில் ஒரே பெஞ்சு. நீ தமிழாசிரியர் ஆனாய், நான் கணக்கு. முப்பது வயதில் எனக்கு ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், தார் எஸ் சலாம் என்கிற துறைமுக ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. மீனம்பாக்கம் வரைக்கும் வந்து வழியனுப்பியவன் நீ ஒருவன்தான். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னாய்: "போய் எறங்கன உடனே எழுது மச்சான். மொத மொத கண்ணுல படறத அப்பிடியே எழுது. பழகிட்டா கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

நல்ல பேச்சுதான். நானும் எழுதினேன். முதல் மாதம் வாரத்துக்கு ஒன்றிரண்டு, பிறகு வாரம் தவறாமல், நான்கு வருடம் எழுதினேன்.

முதல் கடிதத்தை நேற்றுப் படித்தேன். எழுத்து சின்னதாக, நெருக்கியடித்து இருக்கிறது. முதல் நாள் காலை காக்காய் கத்திக் கண் விழித்து, எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாமல் படுத்துக் கிடந்ததை எழுதியிருக்கிறேன். கழுத்தில் சாம்பல் பூசின நம் ஊர்க் காக்காய். இந்தியாவிலிருந்து போனதுதானாம், அந்த ஊர்க்காரர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. துறைமுகத்தின் வாய் எவ்வளவு குறுகலானது என்றால், கரையோரச் சாலையில் நடந்து போகிறவனுக்குப் பக்கத்தில் ஆறு மாடிக் கப்பல் ஒன்று சத்தமில்லாமல் நகர்ந்து போகும். கட்டடம்தான் நடக்கிறது என்று நான் ஒதுங்கி நின்றேன். மீன் சந்தையில் கூறு கட்டி ஏலம் விடுகிறவன் குரலுக்கும், செஞ்சி பஸ் ஸ்டாண்டில் "திண்ணாமல திண்ணாமல" என்று திருவண்ணாமலை பஸ்ஸுக்கு ஆள் கூவுகிறவன் குரலுக்கும் வித்தியாசமில்லை. மினி பஸ்ஸில் கண்டக்டர் ஒற்றைக் காலில் தொங்குகிறான். டீக்கு அங்கேயும் சாய், சப்பாத்திக்குச் சப்பாத்தி. சின்னவர்கள் பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகமூ" என்கிறார்கள். உங்கள் காலைத் தொடுகிறேன் என்கிற மாதிரி அர்த்தம். பெரியவர் "மராபா" என்று வாங்கிக்கொள்ள வேண்டும். என் வகுப்புப் பிள்ளைகள் சாலையில் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னபோது, பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

இதெல்லாம் உன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. திரும்பிப் பார்த்தது நீயாக இருக்கிறாய்.

உன் புத்தகத்தின் காளிக்கு வருகிறேன். ஊரே அதைத்தானே பேசுகிறது.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பெரிய பெரிய வீடுகள். ஒவ்வொரு இரும்புக் கேட்டிலும் வெள்ளைப் பெயின்ட்டில் இரண்டு வார்த்தை: ம்ப்வா காளி. ஆங்கில எழுத்துதான், தடங்கலின்றிப் படித்தேன். வாசலுக்கு வாசல் காளி. முன்னால் இருக்கிற வார்த்தை, பத்ரகாளி, அங்காளி என்கிற மாதிரி அந்த ஊர் அடைமொழியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். எந்தக் காலத்திலோ நம்மவர்கள் கப்பலேறிப் போய் விதைத்துவிட்டு வந்த சாமி என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்றாம் நாள் ஒரு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். அன்று இரவே உனக்கு மூன்று பக்கம் எழுதினேன்.

நான்காவது வாரம் அதே வாசலில் மறுபடி நின்று கும்பிட்டபோது உள்ளேயிருந்து அந்த அம்மனே குரைத்தாள். காவலாளி சிரித்துச் சிரித்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ம்ப்வா என்றால் நாய். காளி என்றால் அவர்கள் பாஷையில் பொல்லாதது. நாய் ஜாக்கிரதை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாயை நான் ஒரு மாதமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வழிபட்டிருக்கிறேன். வெட்கத்தை விட்டு அதையும் உனக்கு எழுதினேன். "காளி என்று எழுதியது தப்பு மச்சான். சிரிக்காமல் படி" என்று தொடங்கும் கடிதம். கட்டுக்குள் ஏழாவதாக இருக்கிறது. அதன் மேல் டீ டம்ளர் வைத்த வட்டம்கூட இருக்கிறது. ஆக, நீ படித்திருக்கிறாய்.

மூன்றாம் வருடம் பத்து நாள் லீவு போட்டுவிட்டு நீ அங்கே வந்தாய். அதை மறைக்க மாட்டேன். நீ ஆப்பிரிக்கா போனது உண்மை. வந்த மூன்றாம் நாள் காய்ச்சலில் படுத்தாய். ஆறு நாள் என் கட்டிலில் கிடந்தாய். நான் லீவு போட்டு ரசம் வைத்துக் கொடுத்தேன், நெற்றியில் ஈரத்துணி மாற்றினேன். நீ அந்த ஊரைப் பார்த்ததெல்லாம் என் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான். ஜன்னலுக்கு எதிரே ஒரு சுவர், சுவர்மேல் ஒரு காக்காய். கிளம்புவதற்கு முதல் நாள் எழுந்து நடந்தாய். துறைமுகத்தில் எதிர்க்கரைக்குப் போகிற படகில் கூட்டிக்கொண்டு போனேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். காற்றில் உன் சட்டை பந்தாக உப்பியது.

"இதெல்லாம் நான் ஏற்கெனவே பாத்துட்டன் மச்சான். உன் கண்ணால பாத்துட்டன்" என்றாய்.

எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம். எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒருவன் அப்படிப் படித்திருக்கிறான் என்று. நீ எனக்கு முன்கூட்டியே தகவல் கொடுக்கிறாய் என்பது அடுத்த வருடம் ஊர் திரும்பிய பிறகுதான் புரிந்தது.

உன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த உடனே என் மடியில் அந்தப் புத்தகத்தை வைத்தாய். 'கடல் கடந்த காளி'. அட்டையில் நீ, பின்னால் கடல். அது புதுச்சேரிக் கடல். அந்தப் பாறைகளை எனக்குத் தெரியாதா? இரண்டு பக்கம் புரட்டினேன். என் காக்காய், என் கப்பல், என் மீன் சந்தை.

"இன்னாடா இது?"

"புக்குடா. மொதக் காப்பி உனக்குன்னு எடுத்து வெச்சன்."

"என் பேரு எங்க?"

"முன்னுரை பாரு. நண்பர்களுக்கு நன்றின்னு போட்டிருக்கன்."

"நண்பர்கள்ல நான் எத்தினியாவது ஆளு?"

நீ சிரித்தாய். "டென்சன் ஆவாத மச்சான். நீ எழுதனது லெட்டரு. அத புக்கு ஆக்கனது நானு. லெட்டர எவன் காசு குடுத்து வாங்குவான்?"

"சரி, நாயி எங்க? தப்புன்னு எழுதனேனே."

"எழுதன. நாயி போட்டா எவன் படிப்பான்? காளி இருந்தா நாலு பேரு கேப்பான். படிக்கிறவனுக்கு ஒரு பெருமை வேணாமா?"

"பொய்யிடா அது."

"மொதல்ல நீதான எழுதன?"

நீ என்னைக் கட்டிப்போட்ட கயிறு அதுதான். புத்தகம் என்னுடையது என்று நான் கிளம்பினால், நாயைக் கும்பிட்டவனும் நான்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். உன் மனைவி காபி கொண்டுவந்து, "சக்கர போதுமா ண்ணா?" என்றாள். போதும் என்றேன். குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வாயை மூடிக்கொண்டதற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. நான் அங்கே இருந்த இரண்டாம் வருடம் என் நைனா செத்துப்போனார். என்னால் வர முடியவில்லை. நீ எங்கள் தெருவுக்கு வந்தாய். செருப்பில்லாமல் சுடுகாடு வரை நடந்தாய். உங்கள் ஜனத்திலிருந்து எங்கள் சுடுகாட்டுக்கு வந்த முதல் ஆள் நீ என்று என் தம்பி எழுதியிருந்தான். அதற்காக உன் வீட்டில் உனக்குச் சாப்பாடு தனியாக எடுத்து வைத்தார்கள் என்பதும் தெரியும். அந்த ஒரு நடைக்காக இருபது வருடம் உனக்கு விட்டுக்கொடுத்தேன். மேடை மேடையாக உன்னை "ஆப்பிரிக்கா சார்" என்று கூப்பிட்டார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். ஒரு தடவை நூலக விழாவில், கேள்வி கேட்கலாம் என்றார்கள். நான் எழுந்து, "அந்த ஊர் பாஷையில் காளி என்றால்..." என்று ஆரம்பித்தேன். தலைவர் மைக்கைப் பிடித்து, "நேரமாவுது, உக்காருப்பா" என்றார். உனக்கு 'ஐயா', எனக்கு 'உக்காருப்பா'. இருவருக்கும் ஒரே வயது, ஒரே படிப்பு. நீ மேடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாய்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரன் கூப்பிட்டான். உன் பழைய மாணவன், நினைவு மலருக்குச் செயலாளர்.

"சார், உங்களத்தான் தேடிக்கினு இருந்தன். ரெண்டு பக்கத்துக்கு ஒரு மடல் வேணும் சார்."

"என்ன எழுதணும்?"

"ஐயா ஆப்பிரிக்கால இருந்தப்ப நீங்களும் கொஞ்ச நாள் கூட இருந்தீங்களாமே, தொணைக்கு. அத எழுதுங்க."

"யாருக்கு யாரு தொணை?"

"இன்னா சார் நீங்க, காமெடி பண்றீங்க." நோட்டீஸ் ஒன்றை எடுத்து நீட்டினான். "பசங்களுக்குப் பேச்சுப் போட்டி வெச்சிருக்கோம். தலைப்பு பாருங்க. கடல் கடந்த காளி. எல்லா ஸ்கூலுக்கும் அனுப்பிட்டன்."

பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரு நாயைப் பற்றி. கைகளை விரித்து, குரலை ஏற்றி இறக்கி. அதில் ஒருவன் படித்து முன்னேறி என்றைக்காவது அந்த ஊருக்குப் போவான். அந்தக் கேட்டைப் பார்ப்பான். யாரையாவது கேட்பான். அப்போது நம் ஊர் மேடையில் சொன்ன எல்லாவற்றின்மீதும் அவனுக்குச் சந்தேகம் வரும். வரட்டும். வர வேண்டும்.

இருந்தாலும், இவ்வளவையும் முழுங்கியிருப்பேன். பெயரைப் போனால் போகிறது என்று விட்டவன், நாயையும் விட்டிருப்பேன். நேற்று கட்டுக்குள் ஐந்தாவதாக இருந்த கடிதத்தைப் பிரித்தேன். உனக்கு வரவில்லை என்று நான் நினைத்த கடிதம். அதற்கு நீ பதில் எழுதவில்லை. அதிலிருந்து ஒரு வரிகூடப் புத்தகத்தில் இல்லை. தபாலில் தொலைந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருநாளும் உன்னிடம் கேட்கவில்லை. கேட்கப் பயந்தேன் என்பதே சரி.

அதில் இருக்கிறதை இங்கே அப்படியே எழுதுகிறேன். மலரில் இடம் போதாவிட்டால் வேறு எதையாவது எடுத்துவிடட்டும்.

"மச்சான், இது வந்த முதல் நாள் நடந்தது. எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். மீன் சந்தை ஓரத்தில் டீ குடிக்கப் போனேன். டீ போடுகிற பெரியவர் அரைகுறை ஆங்கிலத்தில் எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றேன். அடுத்த கேள்விக்காக நின்றேன். நம் பக்கம் பஸ்ஸில் உட்கார்ந்தாலே கேட்பார்களே. எந்த ஊர் என்பார்கள். தொண்டூர் என்றால், தொண்டூர்ல எங்க என்பார்கள். அந்த 'எங்க'வில் என்னை எடை போட்டுவிடுவார்கள். அதற்கு ஒரு பதிலை முப்பது வருடமாக நாக்கு நுனியில் வைத்திருக்கிறேன். பெரியவர் அதைக் கேட்கவில்லை. அந்த இரண்டாவது கேள்வி அவருக்குத் தெரியவே தெரியாது. பெஞ்சைக் காட்டி, உட்கார் என்றார். தான் குடிக்கிற மாதிரியே ஒரு கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடலைப் பார்க்கிற மாதிரி திரும்பி உட்கார்ந்துகொண்டேன். இந்த ஊரைப் பற்றி நீ யாரிடமாவது சொல்வதானால் இதைச் சொல்."

இரண்டாவது மாதம் அங்கிருந்த நம்மவர்களின் பொங்கல் விழாவுக்குப் போனேன். ஒருவர் கையைக் குலுக்கியபடியே, "செஞ்சிப் பக்கமா? செஞ்சில எங்க?" என்றார். அதையும் உனக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த முதல் நாள் அந்தப் பெஞ்சில் நடந்தது நடந்ததுதான். அதை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்று நினைத்திருந்தேன்.

நீ எடுத்திருக்கிறாய். அந்தப் பத்தி முழுக்க, மாணவர்கள் நோட்டுத் திருத்துகிற சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் உன் அழகான கையெழுத்தில் ஒரே வார்த்தை: வேண்டாம்.

யாருக்கு வேண்டாம்? அன்றைக்குக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். "படிக்கிறவங்களுக்குச் சங்கடமா இருக்கும் மச்சான்" என்றிருப்பாய். "அது உன் சொந்த விஷயம், உன்னத்தான் காப்பாத்தனன்" என்றும் சொல்லியிருப்பாய். ஒருவேளை அதை நீ நம்பியும் இருப்பாய். ஆனால் என் காக்காய் உனக்குப் பொருந்தியது, என் கப்பல் பொருந்தியது, 'நான் திரும்பிப் பார்த்தேன்' என்று வெட்கமில்லாமல் எழுத முடிந்தது. இந்தப் பெஞ்சில் மட்டும் உன்னால் உட்கார முடியவில்லை. அங்கே நீ உட்கார்ந்தால், நான் ஏன் அழுதேன் என்று உன் வாசகனுக்கு நீ விளக்கியாக வேண்டும். செருப்பில்லாமல் எங்கள் தெருவில் நடந்து வர முடிந்தவனுக்கு, அந்தத் தெருவை ஒரு பக்கத்தில் எழுத முடியவில்லை. நடந்தது பத்துப் பேருக்குத் தெரியும். எழுதினால் எல்லோருக்கும் தெரியும். கணக்கு எனக்குப் புரிகிறது.

நாயைக் காளியாக்கினாய். அது உன் பெருமைக்கு. அதை மன்னிக்கலாம், சிரிக்கலாம். நான் பார்த்ததிலேயே உண்மையான ஒன்றை நாயை விரட்டுகிற மாதிரி விரட்டியிருக்கிறாய். அதற்கு என்னிடம் மன்னிப்பு இல்லை. நீ இல்லை என்பதால் அது உண்டாகிவிடாது. நீ இருந்திருந்தால் இன்று காலையே உன் வாசலுக்கு வந்திருப்பேன். நீயும் "உள்ள வா மச்சான்" என்றிருப்பாய். நான் உள்ளே வந்திருக்க மாட்டேன்.

எனக்கு ஐம்பத்துமூன்று வயதாகிறது. இன்றும் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் என் தோள் இறுகிவிடுகிறது, அடுத்த கேள்விக்காக. அதை நான் அங்கே நான்கு வருடம் கழற்றி வைத்திருந்தேன். மீனம்பாக்கத்தில் இறங்கி டாக்ஸியில் உட்கார்ந்ததும் திரும்ப மாட்டிக்கொண்டேன். அந்தப் பெரியவருடைய முகம் மறந்துபோய்விட்டது. பெஞ்சைக் காட்டிய கை மட்டும் இருக்கிறது.

மடலை எழுதி முடித்துவிட்டேன். ஐந்தாவது, ஏழாவது கடிதங்களின் ஜெராக்ஸும் உள்ளே இருக்கிறது. உன் மாணவன் கடையில் எடுக்கவில்லை, வேறு கடையில் எடுத்தேன். சிவப்புக் கோடு கறுப்பாக விழுந்திருக்கிறது, ஆனால் 'வேண்டாம்' நன்றாகத் தெரிகிறது. மலரில் போடுவார்களோ, கிழித்துப் போடுவார்களோ, உன் மனைவியிடம் காட்டிக் கேட்பார்களோ, எனக்குத் தெரியாது. அவளுக்கு வருத்தமாக இருக்கும். அதற்காக மட்டும் வருந்துகிறேன்.

நேரில் கொடுக்கப் போவதில்லை. பெயர் போட்டால் முதலில் பெயரைப் பார்ப்பார்கள், பிறகு ஆள் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள், அங்கேயே நின்றுவிடுவார்கள். எழுதியதற்கு வரவே மாட்டார்கள். யார் எழுதியது என்று அவர்கள் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகாது. ஆகட்டும். அந்த ஐந்து நிமிடமாவது, எழுதியது மட்டும் அவர்கள் முன்னால் இருக்கும். உறையின்மேல் தபால்காரர் குத்துகிற முத்திரை செஞ்சி என்று ஊரைச் சொல்லும். செஞ்சியில் எங்கே என்று அது சொல்லாது.

ஸ்டாம்பு ஒட்டிவிட்டேன். கையெழுத்துப் போடாமல்தான் அனுப்பப் போகிறேன்.